இன்னும் கொஞ்சம் ஏத்து

என் வண்டியின் ஹெட்லைட் சரியில்லை என்று ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்தில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், வீட்டில் மனைவியிடம் தினமும் சொன்னேன். வண்டி செய்கிறவர்கள் எல்லாவற்றையும் நன்றாகச் செய்துவிட்டு விளக்கில் மட்டும் கையைச் சுருக்கிவிடுகிறார்கள் என்று ஒரு கட்டுரையே எழுதும் அளவுக்குப் பேசினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

உண்மை வேறு. ஆறு மணிக்கு மேல் எனக்கு ரோடு தெரியவில்லை. முதலில் ஓரங்கள் போயின. நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெரியும், சுற்றிலும் கரி பூசினாற்போல் இருக்கும். வாசலில் வைத்த வாளியை இடறினேன். கதவு கைப்பிடியில் இடுப்பை இடித்துக்கொண்டேன். சமயநல்லூர் பக்கம் ஒரு சாயங்காலம் ரோட்டோரம் நின்ற எருமை, அதன் மூச்சு என் கையில் படுகிற தூரத்தில்தான் எனக்கு எருமையானது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பிறகு ஹெட்லைட்டைத் திட்டினேன்.

நான் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. திருநகரில் வீடு. வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் என்று கடை கடையாகப் போக வேண்டும். கடைக்காரர்கள் பகலில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கூட்டம் ஓய்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில்தான், "உக்காருங்க சார், என்ன புதுசா வந்திருக்கு" என்பார்கள். எங்கள் பிழைப்பே அந்த நேரத்தில்தான் இருக்கிறது. வண்டி ஓட்ட முடியாதவனுக்கு எங்கள் நிறுவனத்தில் நாற்காலி கிடையாது. நாற்பத்தேழு வயதில் புதிதாக யாரும் நாற்காலி போட்டுத் தரவும் மாட்டார்கள். அதனால் கண்ணைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

என் மனைவி என் தாய்மாமன் மகள். சின்ன வயதிலிருந்து என்னை மச்சான் என்று கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் அதை மாற்றவில்லை. அவளிடம் ஒரே ஒரு குறைதான் எனக்குத் தெரிந்தது. வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் வாய் ஓயாது. "மேடு வருது மச்சான்." "பள்ளம், பள்ளம்." "இடது பக்கம் மாடு நிக்கிது." "அந்த டிராக்டர் பின்னாடி லைட்டு இல்ல, பாருங்க." எனக்குச் சுர்ரென்று ஏறும். "நீ ஓட்டுறியா, நான் ஓட்டுறேனா?" என்பேன். ஒரு நிமிடம் பேசாமல் வருவாள், அப்புறம் மறுபடி, "மேடு." இந்தப் பேச்சை நிறுத்துவதற்காகவாவது நல்ல விளக்குப் போட வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதுவதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு மாலைக்கண். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் வந்துவிடுவார். வந்தவர் சுவரைத் தடவிக்கொண்டு தன் ஸ்டூலுக்குப் போய் உட்காருவார். விடுமுறைக்குப் போகும் நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அந்த ஸ்டூலை இரண்டடி தள்ளி வைப்போம். அவர் காற்றில் கையைத் துழாவுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அதில் அதிகம் சிரித்தவன் நான். அதற்கும் முன்னால், அவர் நன்றாக நடமாடிய காலத்தில், அவர் சைக்கிளில் இரண்டு விளக்குகள் இருந்தன. ஊரில் வேறு யார் சைக்கிளிலும் இரண்டு கிடையாது. அது மாமாவின் அந்தஸ்து என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு என் மனைவி வண்டியைக் கழுவி, ஹெட்லைட் கண்ணாடியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். அடுத்த வாரம் ஒரு நாள் இருட்டில் வேகத்தடையில் ஏறிக் குப்புற விழப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, "கண்ணாடி முழுக்கச் சந்தனத்த அப்பி வச்சா வெளிச்சம் எப்பிடி வரும்?" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். அவள் ஈரத்துணி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தாள். கண்ணாடி பளபளவென்று ஆனது. மறுநாளும் ரோடு தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பழங்காநத்தத்தில் அந்தக் கடைக்குப் போனேன். வண்டிக்கு விளக்கு, ஹாரன், இன்ஜினைக் காக்கும் கம்பிக் கார்டு எல்லாம் மாட்டித் தருகிற கடை. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், வேலையில் சுத்தமானவர். ஹெட்லைட்டுக்குள் எல்.இ.டி. பல்பு ஒன்று, கீழே கார்டில் இரண்டு பக்கமும் புராஜெக்டர் லைட் இரண்டு என்று முடிவானது. மதியம் மூன்று மணிக்கு வண்டியைப் பிரித்தார். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தார், நடுவில் ரிலே வைத்தார், இல்லாவிட்டால் சுவிட்ச் உருகிவிடும் என்று விளக்கினார். ஹேண்டில்பாரில் சுவிட்ச் வைத்தார். ஐந்து மணிக்கே வேலை முடிந்துவிட்டது. ஆனால் வண்டியைக் கொடுக்கவில்லை. வெளிச்சத்தின் உயரத்தைப் பகலில் பார்த்து வைக்கிற வேலையெல்லாம் ஏமாற்று, விளக்கு வைத்த பிறகு எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்துத்தான் நட்டை இறுக்குவேன் என்றார். அவர் கடை வழக்கம் அது. எனக்கு முன்னால் நாலைந்து வண்டிகள் இருட்டுக்காக வரிசையில் நின்றன.

காத்திருந்த நேரத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதணி விழா பிளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். குழந்தைகளின் படம், தாய்மாமன்மார் படம், அழைப்பவர்கள் பட்டியல், கீழே மண்டபம், நேரம் எல்லாம் இருந்தன. வேறு வேலையில்லாமல் அதை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன்.

என் முறை வந்தது. தெருவிளக்கு அந்தப் பக்கம் இல்லை. கடைக்காரர் விளக்கைப் போட்டார். பக்கத்தில் நின்றவர், "ஏயப்பா" என்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். எனக்குச் சுவரில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு வெளியே ஒன்றும் இல்லை.

"அண்ணே, பிளெக்ஸ்ல கீழ் எழுத்துத் தெரியுதா?" என்று கேட்டார்.

மண்டபத்தின் பெயரைச் சொன்னேன். நேரத்தைச் சொன்னேன். காலை ஒன்பதிலிருந்து பத்தரை என்று கூடச் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டி ஸ்பேனரை எடுத்தார். இறுக்குவதற்குள் நான் சொன்னேன், "இன்னும் கொஞ்சம் ஏத்து தம்பி."

"இதுக்கு மேல ஏத்துனா எதுத்தாப்ல வாரவனுக்குக் கண்ணு கூசும்ணே."

"நமக்கு ரோடு தெரியணும்ல. ஏத்து."

ஏற்றினார். தாம்பாளம் மேலே போனது. இன்னும் ஏற்றச் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மனமில்லாமல், இன்னும் ஒரு விரற்கடை ஏற்றி இறுக்கினார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று கேட்டால், நான்கு தடவை வழியில் வசவு வாங்கிக்கொண்டு வந்தேன். வைகிறவர்களுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் என் மனைவி புது விளக்குகளுக்கு எலுமிச்சம்பழம் சுற்றினாள். கண்ணாடியில் எதுவும் வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சரி என்று சொல்லி, விபூதியை என் நெற்றியில் பூசினாள். விரலில் மிச்சமிருந்ததை என் இரண்டு இமைகளின் மேலும் தொட்டு வைத்தாள். கண்ணில் விழுந்துவிடும் என்று முகத்தைத் திருப்பினேன்.

அந்த வாரக் கடைசியில் வாடிப்பட்டியில் அவள் தோழியின் மகளுக்கு வளைகாப்பு. மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடலாம் என்றாள். நான்தான் உட்கார்ந்து பேசி, காப்பி குடித்து, தெரிந்த கடைக்காரர் ஒருவரையும் பார்த்துவிட்டு வேண்டுமென்றே பொழுதைச் சாய்த்தேன். புது விளக்கை அவளுக்குக் காட்ட வேண்டும். நாலுவழிச் சாலையில் போவோம் என்றாள். அங்கே நடுவில் தடுப்பு இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. எனக்கு அது போதாது. சோழவந்தான் போய் மேலக்கால் ரோட்டைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் வயலும் தென்னந்தோப்பும், ஒரு பக்கம் ஒட்டினாற்போல் வாய்க்கால். கம்பத்தில் விளக்கே கிடையாது.

மூன்று விளக்கையும் போட்டேன். தூரத்து மர உச்சி எல்லாம் வெள்ளையாக எழுந்து நின்றது. வண்டிக்கு முன்னால் பத்தடி ரோடு மட்டும் கறுப்பாகக் கிடந்தது. நான் ஏற்றச் சொன்ன வெளிச்சம் ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு மச்சான், மெதுவாப் போங்க," என்றாள். என் தோளை அவள் பிடித்திருந்த பிடி இறுகியது. பிறகு தொடங்கினாள். மேடு. வளைவு. வலது பக்கம் ஆள் நடந்து போறாங்க. எனக்கு எரிச்சல் மண்டியது. "இம்புட்டு வெளிச்சத்துலயும் நீ சொல்லணுமா? வாய மூடிக்கிட்டு வா," என்றேன். இந்த முறை அவள் நிஜமாகவே பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவள் பேசாமல் வந்த அந்த இரண்டு நிமிடத்தில் பயந்ததைப் போல நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. ரோடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. வேகத்தைக் குறைத்தேன், ஆனால் விளக்கைக் குறைக்கவில்லை. எதிரே ஒரு சின்ன வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. இடப்புறம், வலப்புறம் என்று ஆடி, பிறகு காணாமல் போனது. தகரம் உருளுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து, "ஆத்தா" என்ற ஒரு குரலும் கேட்டன.

வண்டியை நிறுத்தி இறங்கினோம். எக்ஸ்ஸல் மொபெட்டில் பால் கேன்களோடு வந்த மனிதர். என் வெளிச்சத்தில் கண் தெரியாமல் வயலுக்குள் இறக்கிவிட்டார். இதெல்லாம் பிறகு என் மனைவி சொல்லித் தெரிந்தது. எனக்கு அப்போது குரல் மட்டும்தான் கேட்டது.

"என்னண்ணே லைட்டு இது, கண்ணுல ஊசியச் சொருகுனாப்ல இருக்கு. மொதல்ல அத அமத்துங்க."

அணைத்தேன். மூன்றும் போயின. உலகமே போனது. என் கை எனக்குத் தெரியவில்லை. அவரைத் தூக்க வேண்டும், அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எல்லாம் என்னால் வந்தது என்று மனது அடித்துக்கொண்டது. குரல் வந்த பக்கம் என்று நினைத்து இரண்டு எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டுக்குக் காலைத் தூக்கியபோது என் சட்டையின் பின்பக்கம் இழுபட்டது.

"மச்சான், அங்க வாய்க்கா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இங்கன நில்லுங்க. நான் போறேன்."

அவள் நேராக நடந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது. வரப்பில் இறங்கினாள். அவரிடம் பேசினாள். "முட்டியில தோலு உரிஞ்சிருக்கு, எந்திரிச்சு நிக்கிறீகளா, கைய இங்கிட்டுக் குடுங்க," என்றாள். வானத்தில் பாதி நிலா இருந்ததாம். அந்த வெளிச்சத்தில் அவளுக்கு அவர் முட்டியில் உரிந்த தோல் தெரிந்திருக்கிறது. நான் என் வண்டியின் பெட்ரோல் டேங்க்கில் கையை ஊன்றி, அதை விட்டால் எங்கே போய்விடுவேனோ என்று பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது போலத்தான் நின்றேன்.

வழியில் வந்த இரண்டு பேர் எக்ஸ்ஸலை மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பால் கொட்டிவிட்டது. அந்த மனிதருக்குக் கோபம் அடங்கிவிட்டது. நாங்கள் கேட்காமலே, அரைக் கிலோமீட்டரில்தான் தன் வீடு, வண்டியை அங்கே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போங்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். என் மனைவி அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நொண்டிக்கொண்டே நடந்தார். கொஞ்சம் தூரம் விட்டு நாங்கள் எங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தோம்.

என் கையில் ஹேண்டில்பார். அவள் ஒரு கையை அதன் மேல் வைத்திருந்தாள்.

"எங்கப்பாவும் மொதல்ல சைக்கிளுக்கு லைட்டத்தான் மாத்துனாரு மச்சான்," என்றாள். "ஒரு டைனமோ பத்தலைனு ரெண்டு வச்சாரு."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு ரொம்ப முன்னாலேயே என்றாள். பின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே குரலில் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"அம்மா எங்கப்பாகிட்டச் சொல்லிருச்சு. ஒங்களுக்குக் கண்ணு தெரியலங்கனு மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சு. அன்னைக்குச் சைக்கிளப் போட்டவருதான், அதுக்கப்பறம் வாசலத் தாண்டல. நீங்களாச் சொல்லுவீகனு இருந்தேன். அதுவரைக்கும் மேடு பள்ளத்தையாவது சொல்லிக்கிட்டு வருவோம்னு பாத்தேன்."

நான் அழுதேன். இருட்டு என்பதால் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த ஸ்டூல் விஷயம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவளும் அந்த வீட்டில்தான் இருந்தாள். நாங்கள் தள்ளி வைத்த ஸ்டூலை ஓடி வந்து பழைய இடத்தில் வைத்தவள் அவள்தான். அவள் அப்படி ஓடி வந்ததும் எங்களுக்கு அன்று வேடிக்கையாக இருந்தது.

"மேடு," என்றாள். வண்டியைத் தூக்கிப் பிடித்தேன். "இப்ப பள்ளம். இடது பக்கம் கல்லு, கொஞ்சம் வலது." நான் கேட்டேன். ஓட்டுவது நானா நீயா என்று கேட்கவில்லை. அந்த அரைக் கிலோமீட்டரில் கால் ஒரு தடவை கூட இடறவில்லை.

மறுநாள் பகலில் பஸ்ஸில் போய், அந்த மனிதரின் முட்டிக்குக் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். நல்ல வெயில். ரோடு பளிச்சென்று தெரிந்தது. அப்படித் தெரிந்ததே என்னை மறுபடி ஏமாற்றப் பார்த்தது. ஒன்றுமில்லை, விட்டமின் குறைவாக இருக்கும், விளக்கை மட்டும் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்று ஒரு குரல் கூடவே வந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு மனைவி ஏற்கெனவே நாள் வாங்கிவிட்டாள். அலுவலகத்தில் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. திருநகருக்குத் திரும்ப வேண்டிய வண்டியை நேராகப் பழங்காநத்தத்துக்கு விட்டேன்.

கடைக்காரர் வேறு வண்டியில் குனிந்திருந்தார். மூன்றையும் கழற்றிவிட்டுப் பழைய பல்பைப் போடச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கியது.

"ஏண்ணே, லைட்டு வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செய்யுது தம்பி. எனக்குத்தான் கண்ணு தெரியல."

சொல்லிவிட்டேன். முதல் தடவையாக, அதுவும் முன்பின் அதிகம் பழகாத ஒருவரிடம், பட்டப்பகலில், வண்டிகள் போய்க்கொண்டிருந்த தெருவில் வைத்து.

அவர் என்னையும் எதிர்ச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கு பிளெக்ஸ்ல கடைசி எழுத்து வரைக்கும் சொன்னீங்களேண்ணே?"

"பகல்ல படிச்சு வச்சிருந்தேன்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து, என் காலை ஒட்டி, துழாவ வேண்டாத இடத்தில் போட்டார். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. உட்கார்ந்தேன்.